பழனி மொட்டையின் அளவு

"மொட்டைத் தலைக்குத் தொப்பி வேணும்னு நீங்கதானுங்க கேட்டீங்க? மொட்டைத் தலையிலதான் அளவெடுத்தேன்…"

"அதில்லீங்க மாஸ்டர், நான் சொல்றத முழுசா…"

"பழனி மொட்டைங்க! சந்தனம் காயறதுக்குள்ள டேப்ப வச்சு அளந்தேன். வேலுமணி, இங்க வாப்பா. தலையக் காட்டு."

அயர்ன் டேபிள் பக்கம் நின்ற வேலுமணி வந்து தலையைக் குனிந்தான். கட்டிங் மாஸ்டர் தவசி ஒரு தொப்பியை எடுத்து அதில் மாட்டினார். பத்துப் பன்னிரண்டு நாளில் அரும்பியிருந்த முடி துணியைக் கவ்விக்கொண்டது.

"பாத்தீங்களா? புயலடிச்சாலும் பறக்காது."

"இவருக்குப் பறக்காதுங்க. எங்க வார்டுல இருக்கறவங்களுக்குக் கண்ணு மறைக்குது. கஞ்சி குடிக்கக் குனிஞ்சா கிண்ணத்துலயே விழுகுதுங்க," என்றாள் அன்புசெல்வி.

புற்றுநோய் வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் துணையாக நாடு முழுக்க வேலை செய்யும் ஓர் அறக்கட்டளையின் கோவைக் கிளையிலிருந்து அவள் வந்திருந்தாள். மருந்து ஏற்றி முடி கொட்டிய பெண்களுக்கு இருநூறு தொப்பி கேட்டிருந்தாள். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த பொங்கியண்ணன், ஏற்றுமதியில் மிஞ்சிய துணியில் தைத்தே கொடுத்துவிட்டார். அந்த இருநூறும் இப்போது அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்து கட்டிங் டேபிள் மேல் உட்கார்ந்திருந்தன.

"சண்டை எதுக்குங்க," என்றார் பொங்கியண்ணன். "அம்மணி, அளவு எத்தனை இன்ச்சுன்னு சொல்லுங்க. வெட்டிச் சரி பண்ணிரலாம்."

"அளந்துட்டு வரலீங்க. அது என் தப்புதான். நாளைக்குக் காத்தால…"

"நாளைக்கு ஆகாதுங்களே. மத்தியானத்துக்கு மேல ஜெர்மனி ஆர்டர் ஏறுது. அப்பறம் ஒரு மாசத்துக்கு ஒரு மிஷின் ஒழியாது."

"அப்பறம் இந்த இருநூறும் வேஸ்ட் மூட்டைக்குத்தான்," என்றார் தவசி.

இரண்டாவது வரிசையில், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த முத்தாயி தலையைத் திருப்பவில்லை. பஞ்சுத் தூசிக்காக எல்லாப் பெண்களும் கட்டுவதுபோல அவளும் தலையில் துண்டு கட்டியிருந்தாள். மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவிழ்த்து உதறுவார்கள். அவள் அவிழ்ப்பதில்லை. ஏன் என்று அந்தக் கூடத்தில் அன்புசெல்வி ஒருத்திக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து, முத்தாயியின் புருசன் சின்னானுக்கு, பொண்டாட்டிக்குக் காரமில்லாமல் சமைத்துப்போடச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஆனால் உள்ளே வந்ததிலிருந்து முத்தாயி பக்கம் பார்க்கவேயில்லை. அப்படி இருக்கச் சொல்லி முத்தாயிதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முத்தாயி முன்பு வேலை பார்த்த கம்பெனியில், கூடத் தைத்த சென்னம்மாளுக்கு இந்த நோய் என்று தெரிந்த மறுநாளே அவளுக்குத் தண்ணீர்ச் சொம்பு தனியாக வந்தது. ஒரு வாரத்தில் அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். சென்னம்மாள் இப்போது கணியூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

"இன்னொண்ணுங்க மாஸ்டர்," என்றாள் அன்புசெல்வி. "உள்ள அரிக்குதுன்னும் சொல்றாங்க. மாட்டுன கையோட கழட்டிடறாங்க."

"அரிக்குதா? சுத்தக் காட்டனுங்க! பொறந்த கொழந்தைக்குப் போடற துணி."

"துணி இல்லீங்க. தையலு."

சொன்னது முத்தாயி. சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டதே அவளுக்குத் தெரிந்தது.

"தையலா?"

"ஓவர்லாக் தையல் உள்பக்கம் வருதுங்களே, அது உறுத்தும். தையல வெளிய விட்டுட்டா உறுத்தாதுங்க."

தவசி சிரித்துவிட்டார். "முப்பது வருசமா தையல உள்ள மறைக்கறதுக்குத்தான் அம்மணி நான் சம்பளம் வாங்கறேன். வெளிய தெரிஞ்சா, சரக்கு வாங்கற பையரு மூஞ்சியிலயே விட்டெறிவான். சரி, வேலுமணிக்கு உறுத்தல. உனக்கு எப்படி உறுத்துச்சு?"

போன வியாழக்கிழமை வார்டில் முத்தாயியும் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தவள்தான். தன் கையால் ஓட்டிய தையலே தன் தலையைப் பிறாண்டியது.

அன்புசெல்வி அவசரமாகப் பையிலிருந்து செல்போனை எடுத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போட்டு நர்சம்மாவ அளந்து சொல்லச் சொல்றேனுங்க." மணி அடித்துக்கொண்டேயிருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

பொங்கியண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. "நீங்க போட்டுட்டே இருங்க அம்மணி. தவசி, அந்தப் பெட்டிய எறக்கி ஓரமா வையுங்க. டேபிள் வேணும்."

தவசி பெட்டியைத் தூக்கினார்.

மிஷின் நின்றது. முத்தாயி எழுந்து வந்தாள். "எறக்காதீங்க மாஸ்டர்."

அவள் கை தலை முடிச்சுக்குப் போனது. அன்புசெல்வி அப்போதுதான் அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள்.

"அட, நீயும் பழனிக்குப் போனியா?" என்றார் தவசி. "எங்க கண்ணுல பஞ்சாமிர்தத்தையே காட்டலியே!"

பக்கத்து மிஷின் வேலாத்தாள் சிரித்தாள். "தனியாவே நக்கித் தீத்துட்டா போலிருக்குதுங்க மாஸ்டர்!"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

முத்தாயி துண்டை அவிழ்த்தாள். நான்காக மடித்து டேபிள் மேல் வைத்தாள். ஒரு முடி அரும்பாத தலை, டியூப்லைட் வெளிச்சத்தில் வழவழவென்று இருந்தது. வேலாத்தாளின் சிரிப்பு பாதியில் நின்றது. தவசி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"பழனிக்கு இல்லீங்க மாஸ்டர். இவங்க வர்ற வார்டுக்குத்தான் நானும் போயிட்டிருக்கறேன், தை மாசத்துல இருந்து. பொம்பளைத் தலை, அளந்துக்குங்க."

பிறகு பொங்கியண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மொதலாளி, தையல வெளிய விட்டு, என்ற மிஷின்ல நானே உக்காந்து தைக்கட்டுங்களா?"