மணிக்கட்டா, முழங்கையா?

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமானால் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். யார் தலை என்பதை, கதை கேட்பவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துச் சொன்னது கொஞ்சம் உண்டு, அதுவும் நம்பமாட்டார்களே என்பதற்காக.

பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுகிறவனுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்ததற்கு அவன் உயரம் பாதிக் காரணம். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ எறியும் முன் ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நிற்பானே, அந்த நிற்பு மீதிக் காரணம். எதிரணிக்காரன் தள்ளிவிட்டால் நடுவர் விசில் ஊதுவார். தள்ளப்பட்டவன் கோட்டில் தனியாக நின்று, மறிப்பார் யாருமின்றி, கூடையைப் பார்த்து எறியலாம். மறிக்க ஆளில்லை என்பதாலேயே பலருக்குக் குறி தப்பும். கொக்குவுக்கு இது கஷ்டமான காரியம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் எறிந்தான், விழுந்தது.

பந்து வளையத்தைத் தொடாது, பலகையைத் தொடாது. பணிமனைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், வளையமும் பலகையும் சேரும் இடத்தில் ஒரு ஜோடிப் புறா கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. பந்து பக்கத்தில் போகும்போது குஞ்சுகள் கண்ணைக்கூடத் திறப்பதில்லை. வீட்டில் மாடியிலிருந்து அழுக்குச் சட்டையை வீசினால் கீழே துவைக்கிற தொட்டியில் போய் விழும். மடித்தே விழும்.

அவன் அண்ணி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தாள். மனித உடம்பு ஒரு அசைவை எப்படிக் கற்றுக்கொள்கிறது, கற்றதை நெருக்கடியில் எப்படித் தொலைக்கிறது என்பதுதான் விஷயம். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் தரையெல்லாம் நீல டேப், சுற்றிலும் கேமரா, ஸ்பிரிட்டும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை. கொக்குவின் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் பளபளவென்று மின்னும் சின்ன உருண்டைகளை ஒட்டி, எறியச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, ராத்திரி ரோட்டுல வைக்கிற எச்சரிக்கைப் பலகை மாதிரி ஆக்கிட்டீங்களே?"

"நீங்க வர்றீங்கன்னு நாலு பேர் ஒதுங்கிப் போகட்டுமே, கொழுந்தனாரே."

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. எறிகிறவனிடம் அவன் எறிவதைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. எல்லாம் படம் பிடித்து முடித்த பிறகுதான் கேட்கலாம். புதிதாக வரும் மாணவர்களுக்கு அண்ணி முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். ஆனால் விதி ஆய்வுக்கூடத்துக்குத்தானே, வீட்டுச் சமையலறைக்கு இல்லையே. ஒரு சாயங்காலம், கொக்கு வழக்கம்போல அடுப்பில் மறந்துவிட்டுத் தீய்த்த பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அண்ணி ஏதோ ஞாபகத்தில் கேட்டுவிட்டாள்.

"ஆமா, எறியும்போது உங்களுக்கு முதல்ல அசையறது எது? மணிக்கட்டா, முழங்கையா?"

கொக்கு வலது கையைத் தூக்கி, இதுவரை பார்த்தேயிராத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"மணிக்கட்டு... இருங்க. இல்ல, முழங்கை..."

பாத்திரம் அண்ணியின் கையிலிருந்து நழுவியது. "ஐயையோ! தம்பி, நான் கேட்டதை மறந்துடுங்க."

"மறந்துட்டேன் அண்ணி. எதை? மணிக்கட்டா முழங்கையாங்கறதையா?"

மறுநாள் அவன் எறிந்த முதல் பந்து புறாக்கூட்டைத் தட்டியது. புறாக்கள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிப் போயின. இரண்டாவது பந்து பணிமனை அணியின் கோச் குடித்துக்கொண்டிருந்த தேநீரில் விழுந்தது. அதற்குப் பிறகு வியாதி கையை விட்டு மற்ற இடங்களுக்கும் இறங்கியது. மாடிப்படியில் முதலில் எந்தக் கால் என்று யோசித்தபடி நின்றான். அவனுக்குப் பின்னால் நின்ற அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தூங்கிவிட்டான். சோற்றுக் கவளம் வாய்க்குப் போகிறதா என்று கவனித்தான். அது காதுக்குப் போனது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பணிமனையில் ஒரு டிரைவர் ஆறுதல் சொல்ல வந்தார்.

"இதுக்கெல்லாமாடா முகத்தைத் தொங்கப்போடுவ? நான் என்ன யோசிச்சா கியர் போடறேன்? முதல்ல கிளட்ச்சை மிதிச்சு... இல்ல, அதுக்கு முன்னாடி கை..."

அவ்வளவுதான். அன்றைக்கு அவர் ஓட்டிப் போன பேருந்து நாற்சந்தியில் நின்றது. பயணிகள் இறங்கி நடந்தார்கள், வேலைக்குப் போனார்கள், வேலை முடிந்து திரும்பி வந்து, அதே பேருந்தில் அதே இருக்கையில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகக் காத்திருந்தார்கள். கண்டக்டருக்கு விசில் ஊதும்போது முதலில் குவிவது உதடா, மூச்சா என்று சந்தேகம் வந்து, 'விசில்' என்று வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார்.

கோச் கொக்குவைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை பைனல். நீ பெஞ்சுல உக்காரு. உக்காரும்போது எதை முதல்ல மடக்கணும்னு மட்டும் யோசிக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

கொக்கு ஜெர்சியைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னபோது கிண்டல் எதுவும் குரலில் இல்லை.

"அண்ணி, படிப்புல நான் மக்கு. பேச்சுல அண்ணன்தான் கெட்டி. யோசிக்காம எனக்கு நல்லா வந்தது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா நான் வெறும் உயரம்தான்."

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "கெடுத்தது நான். சரிபண்ண வேண்டியதும் நான்தான். போய் அந்த ஜெர்சியைத் திரும்ப வாங்கிட்டு வாங்க," என்றாள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது. பந்தை விடும் நொடியில் தானே இருண்டு பார்வையை மறைத்துவிடும். கையைப் பார்க்காவிட்டால் கையை மறப்பான் என்று அதை மாட்டிவிட்டாள். இருட்டில் கொக்குவுக்கு மணிக்கட்டு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கையை விட்டுவிட்டு வளையத்தின் பின்பக்கக் கொக்கியையே பாருங்கள் என்றாள். பார்த்தான். கொக்கியில் துரு தெரிந்தது, இதற்கு யார் பெயின்ட் அடிக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது, பந்து கையிலேயே இருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே எறியச் சொன்னாள். கொக்கு பூஜ்யத்தைத் தாண்டி, அதுவரை மனிதர்கள் யாரும் போயிராத எண்களுக்குப் போய்விட்டு வந்தான். பந்து மட்டும் கூடைக்குப் போகவில்லை.

அண்ணி நெற்றியில் தட்டிக்கொண்டாள். "தப்பு என் மேலதான். மனசை வேற எங்கயாவது அனுப்பிட்டா கை தன் வேலையைப் பார்த்துக்கும். ஆனா கணக்கு தப்பாப் போனா உங்களுக்கு என்ன கவலை? உங்களை நிஜமாவே பதற வைக்கற மாதிரி ஒண்ணு வேணும்."

"அண்ணன் கடன் கேக்கறான்னு சொல்லுங்களேன்."

"அது பழகிப்போச்சே."

ஜெர்சி திரும்பக் கிடைத்தாலும் பைனலில் கொக்கு பெஞ்சில்தான் இருந்தான். கடைசி நிமிடத்தில் பணிமனை ஆள் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. பெஞ்சில் வேறு யாரும் மிச்சமில்லை. கோச் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கொக்குவை உள்ளே அனுப்பினார். உள்ளே போனவனை எதிரணிக்காரன் உடனே தள்ளிவிட்டான். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டு அணியும் சமம், ஆட்ட நேரமும் முடிந்துவிட்டது.

முதல் பந்தை எறிந்தான். அது கூடை இருந்த திசையையே மதிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த கண்டக்டரின் மடியில் போய் விழுந்தது. பழக்க தோஷத்தில் அவர் அதனிடம், "எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

மைதானமே சிரித்தது. கொக்குவின் காது சிவந்தது. இரண்டாவது பந்து கைக்கு வந்தது. மணிக்கட்டா, முழங்கையா? மணிக்கட்டா...

அப்போது கூட்டத்தின் நடுவில் அண்ணி எழுந்து நின்றாள். பல்கலைக்கழகக் குரலை வீட்டில் வைத்துவிட்டுச் சமையலறைக் குரலைக் கொண்டுவந்திருந்தாள்.

"கொழுந்தனாரே! அடுப்புல பால் வச்சீங்களே, அணைச்சீங்களா?"

கொக்குவின் முகம் அப்படியே அவள் பக்கம் திரும்பியது. அவன் கண்முன் பாத்திரம் தெரிந்தது, நுரை எழும்புவது தெரிந்தது, பக்கத்து அறையில் வாயைத் திறந்து தூங்கும் அண்ணன் தெரிந்தான்.

"அணைச்சேனா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டான்.

மனசு வீட்டுக்கு ஓடிவிட்டது. கைக்குப் பாலைப் பற்றி அக்கறையில்லை. தனியாக விடப்பட்ட கை, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. பந்து வளையத்தைத் தொடவில்லை, பலகையைத் தொடவில்லை, வலையை மட்டும் லேசாக விசாரித்துவிட்டுக் கீழே இறங்கியது.

அதை அவன் பார்க்கவே இல்லை. வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். வெற்றி ஊர்வலம் என்று நினைத்து அணி பின்னால் ஓடியது, அணியைப் பார்த்துக் கூட்டம் ஓடியது, கூட்டத்தைப் பார்த்து, நாற்சந்தியில் நின்றிருந்த பேருந்தும் கிளம்பியது. என்ன ஏது என்று பார்க்கும் அவசரத்தில் டிரைவர் கிளட்ச்சை மறந்திருந்தார்.

அடுப்பு சில்லென்று இருந்தது. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சிரைக்க வந்து சேர்ந்த அண்ணி சொன்னாள், "இன்னைக்குப் பாலே வாங்கலை."

"அண்ணி!"

"ஜெயிச்சாச்சு, போய் மூஞ்சி கழுவுங்க."

"சரி, அடுத்த மேட்சுக்கு என்ன பண்றது? பால் கதை இனி எடுபடாதே."

"வேற கவலை கண்டுபிடிச்சாப் போச்சு. நம்ம வீட்டுல கவலைக்கா பஞ்சம்?"

பஞ்சம் இல்லைதான். திறந்து விட்ட குழாய், பூட்டாத கதவு என்று கொஞ்ச காலம் ஓட்டினார்கள். பிறகு ஒருநாள் அண்ணி கத்த மறந்துவிட்டாள்; பந்து அப்போதும் விழுந்தது. புறாக்கள் வந்து வளையத்தைச் சுற்றிப் பார்த்தன, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டன, மறுநாள் குச்சி கொண்டுவந்தன.

"இப்பவாவது சொல்லுங்க அண்ணி," என்று கொக்கு கேட்டான். "முதல்ல அசையறது எது?"

அண்ணி தயங்கினாள். அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மணிக்கட்டும் இல்ல, முழங்கையும் இல்ல. கால் கட்டைவிரல்."

கொக்கு குனிந்து காலைப் பார்த்தான். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எப்படியோ போகட்டும் அண்ணி. அது ஷூவுக்குள்ள இருக்கு, அதோட குடும்ப விஷயத்துல நான் தலையிடறதில்ல," என்று சொல்லிவிட்டுப் பந்தை எறிந்தான். விழுந்தது.

அந்தப் பணிமனையில் கூடைப்பந்து அணி என்று ஒன்று இருந்ததே இல்லை. அங்கே இன்றுவரை விளையாடுவது கேரம் மட்டும்தான்.