எலி வளைச் சாமை

உபதேசியார் பெண்டாட்டி என்றால் பாதி உபதேசியார்தான். ஜவ்வாது மலைமேல் ஓடு வேய்ந்த அந்தச் சின்ன வேதக்கோயிலில் பிரசங்கம் செய்வது ஜீவரத்தினம். அதட்டல் முழுக்கக் கிருபாவதி. மலைக்குக் கீழே கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி தானியத்தைத் தனியாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடையில் கொட்டுவது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். பாதி உபதேசியார் குடும்பத்துக்கு, பாதி இல்லாதவர்களுக்கு என்று ஏற்பாடு. எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம், கூடையின் அடிப்பாகமே நிறையவில்லை. உபதேசியாரின் சம்பளமும் தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் மூன்று பிள்ளைகள். இல்லாதவர்களின் பாதியும் சத்தமில்லாமல் கிருபாவதியின் அடுப்புக்குப் போனது. நாமும் இல்லாதவர்கள்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மனசும் லேசில் சமாதானமாகிவிட்டது. பசி வந்தால் மனசு அப்படித்தான்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, சபைப் பெண் செல்லியம்மாள் கொட்டிய சாமையில் பாதிக்குப் பாதி மண் கிடந்தது. அவள் புருஷன் வேடியப்பன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவன். போனதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. கிருபாவதி அதையெல்லாம் நினைத்துப் பார்க்கவில்லை. ராத்திரிக் கஞ்சிக்குப் போதாதே என்கிற ஆத்திரம்தான் முன்னால் வந்தது. அந்தச் சாமையைக் கையில் அள்ளி எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

“கர்த்தருக்குக் குடுக்கறதுல மண்ணைக் கலந்து அளவு காட்றியா? உன் வூட்டுச் சோத்துல இப்டிப் போட்டுத் துன்னுவியா?”

செல்லியம்மாள் எழுந்து போய்விட்டாள். மற்றப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சபையை ஒழுங்குபடுத்திவிட்டதாகக் கிருபாவதிக்கு அன்றைக்குப் பெருமைகூட இருந்தது, வெட்கங்கெட்ட பெருமை.

அடுத்த ஞாயிறும் செல்லியம்மாள் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. விரட்டியது நீதான், போய் அழைத்துவருவதும் நீதான் என்று ஜீவரத்தினம் சொல்லிவிட்டார். கிருபாவதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

செல்லியம்மாளின் வீட்டுக்குப் பின்னால், அறுத்து முடித்த கொல்லையில் அவள் குப்புறப் படுத்திருந்தாள். தோள்வரைக்கும் கை மண்ணுக்குள். எலி வளை. உள்ளேயிருந்து பிடிப்பிடியாக வெளியே வந்தது மண்; மண்ணோடு எலி சேர்த்து வைத்திருந்த சாமைக் கதிர். பக்கத்தில் முறத்தில் ஒரு கையளவு தேறியிருந்தது.

கோயில் கூடைக்கு வந்த மண் எந்த மண் என்று கிருபாவதிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செல்லியம்மாள் பதறி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். வெறுங்கையோடு எப்படிக் கோயிலுக்கு வருவது என்றுதான் நின்றுவிட்டாளாம். வீட்டுக்குள் ஓடி ஒரு துணி முடிச்சோடு வந்தாள். இந்த முறை நன்றாக அரித்துக் காயவைத்திருப்பதாகச் சொல்லி நீட்டினாள்.

கிருபாவதி கை நீட்டவில்லை. எத்தனையோ பேரை உருட்டி மிரட்டிய வாய் அன்றைக்குத் திக்கியது.

“செல்லி, இது கர்த்தருக்குப் போவலடி. இல்லாதவங்களுக்கும் போவல. மொத்தமும் எங்க வூட்டு அடுப்புக்குத்தான் போச்சி.”

“தெரியும்ங்க” என்றாள் செல்லியம்மாள். “உங்க பெரிய பொண்ணு பசியில மயங்கி வுழுந்துச்சே, அன்னிலேர்ந்து தெரியும். எங்களுக்காச்சும் வளை தோண்டத் தெரியும். நீங்க கீழ்நாட்டுக்காரங்க, இன்னா பண்ணுவீங்க?”

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது கிருபாவதிக்கு. கர்த்தர் பேரைச் சொல்லித் தன் வயிற்றுக்காகச் சண்டை போட்டவள் அவள். வயிறு காய்ந்தவளோ யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறாள். முடிச்சை வாங்கவும் கூசியது, வேண்டாமென்று இன்னொரு முறை தள்ளவும் கூசியது. கடைசியில் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

எல்லார் முன்னாலும் செய்ததற்கு எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“ஞாயித்துக்கிழமை அவசியம் வா செல்லி. உன்னப் பத்தி சபையில ஒண்ணு சொல்லணும்.”

செல்லியம்மாளின் முகம் வெளிறிப்போனது. முடிச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

“இன்னும் மண்ணு கீதுங்களா? குடுங்க, இன்னொரு வாட்டி அரிச்சிக் குடுத்துடறேன்.”