சோப்பு படாத சட்டி

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது கெசினே வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வாள். இந்தச் சட்டியில் சோப்பு மட்டும் படவே கூடாது. வெந்நீரும் ஒரு சுரண்டியும் போதும். மெருகு பூசாத சுட்ட மண் அது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது பாலாடை நிறத்தில் இருக்கும். கொழுப்பும் வெண்ணெயுமாக எதையாவது சுட்டுச் சுட்டுப் பழக்கினால் கறுக்கும், கறுக்கக் கறுக்க ஒட்டாது. ஒரே ஒரு முறை சோப்பு போட்டால் மண் அதைக் குடித்துவிடும், பிறகு பல வாரங்களுக்கு ரொட்டியை வாயில் வைக்க முடியாது. சட்டி வாங்குகிற பெண்கள் பெரிதாகத் தலையாட்டுவார்கள். இரண்டு வாரத்தில் அவர்களில் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டு, புருஷன் தெரியாமல் கழுவிவிட்டான் என்பாள். எப்போதும் புருஷன்தான்.

கெசினேயின் அடுப்படியில் இருந்த ரொட்டிச்சட்டி மூடியோடு சேர்த்து அட்டக்கறுப்பு. அப்படிக் கறுக்கப் பத்து வருஷமாவது ஆகும். கெசினே அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. சட்டி ஃபென்னாவுடையது.

ஃபென்னா, கெசினேயின் புருஷன் ஓனோவின் முதல் மனைவி. வட ஜெர்மனியின் அந்தக் கடலணைக்குப் பின்னால் இருக்கும் ஏழெட்டு ஊர்களில் அவள் விற்ற சட்டியோ தட்டோ கரண்டியோ இல்லாத வீடு கிடையாது. சரக்கெல்லாம் கார் கொட்டகையில் அடுக்கியிருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் யாராவது ஒருத்தியின் அடுப்படிக்குப் போய், அவள் கூப்பிட்டு வைத்திருக்கும் தோழிகளுக்கு முன்னால் சமைத்துக் காட்டுவாள். வேலை முடிந்து அலுத்து வருகிற தாய்மார்களுக்கான சமையல்: எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போடு, சூடேறாத அடுப்பில் தள்ளு, போய் உட்கார்ந்து தேநீர் குடி. கூட்டம் கலைவதற்குள் ஒருத்தி, அடுத்த தடவை என் வீட்டில் என்று சொல்லியாக வேண்டும். அப்படித்தான் இந்த வியாபாரம் வீடு வீடாக நகர்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதம், ரயில்வே கேட் திறப்பதற்காகக் காரில் காத்திருந்தபோது ஃபென்னாவின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. கேட் திறந்தது, கார் நகரவில்லை. அவள் மகள் இம்கேவுக்கு அப்போது எட்டு வயது.

ஓஸ்னாப்ரூக் நகரத்திலிருந்து வந்த கெசினே, கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி ஓனோவிடம் ஒரு வருஷம் கேட்டுப் பார்த்தாள். ஓனோ நல்ல மனிதன், எதற்கும் சரி என்பான், எதையும் செய்யமாட்டான். கடைசியில் அவளே அந்தச் சரக்கை விற்க ஆரம்பித்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஃபென்னாவின் புருஷன், ஃபென்னாவின் அடுப்பு, இப்போது ஃபென்னாவின் பிழைப்பும் சேர்த்து என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டது அவள் காதுக்கும் வந்தது.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது வேறொன்று. ஃபென்னா ரொட்டி மாவில் சீமைச் சீரகத்தை அள்ளிப் போடுகிறவள். கெசினேவுக்கு அந்த வாசனை ஆகாது. வந்த முதல் வாரமே டப்பாவோடு தூக்கி எறிந்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு மணி சீமைச் சீரகம் கிடையாது. ஆனாலும் அந்தக் கறுப்புச் சட்டியில் எதைச் சுட்டாலும் மூடியைத் திறந்ததும் சீமைச் சீரகம் வீசியது. திராட்சை போட்ட இனிப்பு ரொட்டியில் வீசியது. ஆப்பிளில் வீசியது. மண் குடித்ததை மண் கக்குகிறது என்றான் ஓனோ. வியாபாரக்காரி என்பதால் அவளுக்கும் அந்தக் கணக்கு புரிந்தது. ஆனால் வருஷம் போகப் போக அந்த வாசனை குறையவில்லை, கூடியது. சில காலைகளில், அடுப்பே மூட்டாத வீட்டில், மாடிப்படி இறங்கும்போதே அது அவளுக்கு முன்னால் அடுப்படியில் நின்றது. யாரோ இப்போதுதான் மேசையைத் துடைத்துவிட்டு நகர்ந்த மாதிரி இருக்கும். பயந்தாள். பயந்ததை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டாள்.

இம்கே அந்தச் சட்டி ரொட்டியைத் தவிர அவள் செய்த எதையும் தொடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு வெட்டி, வெண்ணெய் தடவி, கழுவுதொட்டி பக்கம் நின்றுகொண்டு, மேசைக்கு முதுகைக் காட்டியபடி தின்றுவிட்டு மாடிக்குப் போவாள். பிசைந்தது கெசினேயின் கை, சுட்டது கெசினே. ஆனால் அந்தப் பிள்ளை தின்றது அவள் அம்மாவின் ரொட்டியை. ஒரே ஒரு நாள் தன் ரொட்டியைத் தன் ரொட்டி என்று தெரிந்தே அவள் தின்ன வேண்டும் என்பதைத் தவிர கெசினே அந்த வீட்டில் வேறெதற்கும் ஆசைப்படவில்லை.

நவம்பர் மாத வியாழக்கிழமை ஒன்றில் முதன்முறையாகத் தன் வீட்டிலேயே கூட்டம் வைத்தாள். பத்துப் பெண்கள், பத்துப் பேரும் ஃபென்னாவின் பழைய வாடிக்கை. கோப்பையில் கற்கண்டு போட்டு, சுடச்சுடத் தேநீர் ஊற்றி, பாலாடையை ஓரமாக இறக்கினாள். அந்த ஊர் முறைப்படி யார் கோப்பையிலும் மூன்று சுற்றுக்குக் குறையவில்லை. அதில் குறை சொல்ல முடியாமல் போனதில் சிலருக்கு வருத்தம்தான். எல்லோர் கண் முன்னாலும் மாவு, மோர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் தேன் என்று கலந்து கறுப்புச் சட்டியில் போட்டாள். கூட்டத்துக்குப் பழகிய சட்டியைத்தான் எடுப்பார்கள். புதுச் சட்டி ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கிவிடும்.

மூடியைத் திறந்தபோது பேச்சு நின்றது. கோதுமைக் கிடங்கு வைத்திருக்கும் ரிக்ஸ்டே கோப்பையைக் கீழே வைத்தாள். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற தாலீனா மட்டும், மழையில் நனைந்து உள்ளே வந்தவளிடம் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"வந்துட்டியாடி, ஃபென்னா."

யாரும் சிரிக்கவில்லை. படியில் காலடி கேட்டது. இம்கே இறங்கி வந்தாள், ஒரு துண்டு வெட்டினாள், முதுகைக் காட்டி நின்று தின்றாள், போனாள். பத்துப் பேரும் அந்தச் சின்ன முதுகைப் பார்த்தார்கள். பிறகு ரொட்டியைத் தூள்கூட மிச்சமில்லாமல் தின்றார்கள். அடுத்தது யார் வீட்டில் என்று கெசினே கேட்க வேண்டிய வேளை வந்தது. கேட்டாள்.

"என் வீட்டுல வெச்சுக்கலாம்," என்றாள் ரிக்ஸ்டே. "நீ வேற எதுவும் தூக்கிட்டு வர வேணாம். இந்தச் சட்டிய மட்டும் கொண்டு வந்துடு."

ஈஸ்டர் வரைக்கும் தேதிகள் நிரம்பின. அப்படி ஒரு கூட்டம் ஃபென்னாவுக்குக்கூட அமைந்திருக்காது. போகும்போது தாலீனா சட்டியின் மூடியை இரண்டு தட்டுத் தட்டி விடைபெற்றாள். கெசினேயிடம் கை கொடுக்க மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஓனோ வேலைக்கும் இம்கே பள்ளிக்கும் போயிருந்த நேரத்தில், கெசினே கழுவுதொட்டியில் வெந்நீர் பிடித்தாள். பச்சை சோப்புக் குப்பியைக் கவிழ்த்து, பாதி தீரும்வரை அமுக்கினாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது சும்மாவா? சட்டியையும் மூடியையும் உள்ளே இறக்கி, இரும்பு நாரால் தேய்த்தாள். தண்ணீர் தேநீர் நிறமானது, பிறகு காபி நிறம். சீமைச் சீரக வாசனை திரண்டு எழுந்து, அவள் கண்ணில் நீர் வருமளவுக்கு அடுப்படியை நிறைத்தது. அவள் நிறுத்தவில்லை. "போ," என்று சொன்னதாக அவளுக்கு ஞாபகம். மூன்று தண்ணீர் மாற்றினாள். மூன்றாவது தண்ணீரில் சோப்பு மட்டும்தான் மணத்தது. அடைப்பை எடுத்தபோது குழாய் மடக் மடக்கென்று குடித்தது, அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் அவள் தோட்டத்துக்கு ஓடிவிட்டாள்.

திரும்பி வந்தபோது வீடு காலியாக இருந்தது. இரண்டு வருஷம் அவள் வேண்டியது அதைத்தான். ஆனால் தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம் அந்த வீட்டில் தனக்கு அன்றுவரை வந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் தனக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் நின்றவளுக்குப் பயந்தாள், சரி. ஆனால் அவள் நின்றாள். கெசினே நாற்காலியில் உட்கார்ந்து, ஒருமுறைகூடப் பார்த்திராத பெண்ணுக்காக அழுதாள்.

அன்று மாலை, புதன்கிழமை சுட்ட ரொட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் தப்பித்தாள். சனிக்கிழமை ஓனோவுக்கு மாலை வரை வேலை. கடையில் ரொட்டி வாங்கினால் ஏன் என்ற கேள்வி வரும் என்று அந்தச் சட்டியிலேயே சுட்டாள். சாம்பல் திட்டு விழுந்து, சொறி பிடித்தது போலிருந்த அது, அடுப்பு சூடாக ஆக எலுமிச்சை சோப்பைக் கக்கியது.

நான்கு மணிக்கு இம்கே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மூடியைத் திறந்தாள். முகத்தை உள்ளே விடுகிற அளவு குனிந்து நின்றாள். பிறகு ஒரு துண்டு வெட்டி, வெண்ணெய் தடவி, மேசைக்கு வந்து, கெசினேவுக்கு எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. கடித்தாள், மென்றாள், விழுங்கினாள்.

"துப்பிடு, இம்கே. சோப்பு அது. நான்தான் கழுவினேன். தெரியாம இல்ல, தெரிஞ்சேதான்."

"தெரியும்," என்றாள் பிள்ளை. "நேத்து கணக்கு வாத்தியார் வரல. சீக்கிரம் விட்டுட்டாங்க. சைக்கிள் கொட்டகைல நின்னு ஜன்னல் வழியா பாத்தேன்."

எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கேட்டாள் கெசினே. முதல் தண்ணீரிலிருந்து என்றாள் இம்கே. பிறகு அணைமேல் ஏறிப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வந்தாளாம்.

"கதவத் தட்டியிருக்கலாமே. ஒரு சத்தம் போட்டிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

"அதான் தட்டல."

இன்னொரு வாய் கடித்தாள். விழுங்கக் கஷ்டப்பட்டாள்.

"நான் சாப்பிட்டாத்தான் அம்மா வருவான்னு நெனச்சேன். ஒரு நாள் விட்டாக்கூடப் போயிடுவான்னு. அதான் தெனமும் சாப்பிட்டேன். எனக்கு அந்த வாசனை புடிக்கவே புடிக்காது, கெசினே. சின்னதுலேர்ந்தே புடிக்காது. அம்மாவுக்கும் தெரியும், எனக்குன்னு தனியா சீரகம் போடாம சுடுவா." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். "நீ கழுவிட்டா, அம்மா போறது நான் பண்ணினது இல்லன்னு ஆயிடும்ல. அதான் பாத்துட்டு நின்னேன்."

அது உன் தப்பில்லை என்று சொல்லலாம். சொல்கிறவள் யார்? இரும்பு நாரைப் பிடித்த கை. கெசினே எழுந்து மேசையைச் சுற்றிப் போய், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். சோப்பைத் தவிர எதுவும் வரவில்லை. இம்கே எழுந்து போய்ச் சட்டிக்குள் மறுபடி முகத்தை விட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக மூடினாள். அப்புறம்தான் அழுதாள், எட்டு வயதில் அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து அழுதாள். கெசினே பிடித்துக்கொண்டாள், பிள்ளை விலகவில்லை.

ஓனோ வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ரொட்டியைக் குப்பையில் போட்டால் அவன் பார்த்துவிடுவான் என்றாள் இம்கே. ஆளுக்கு ஒரு துண்டாக வெட்டி, வெண்ணெய் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிந்த மட்டும் தின்றார்கள். மிச்சத்தைப் பிய்த்து வாத்துகளுக்கு எறியலாமா என்று கெசினே கேட்டதற்கு, வாத்துக்கு வயிறு வலிக்கும் என்று மறுத்தாள் இம்கே. ஆகவே அதையும் தின்றார்கள். வாசலில் கார் திரும்பும் சத்தம் கேட்டபோது கடைசித் துண்டு பாதி பாதியாகப் பிரிந்திருந்தது.

"அப்பா கிட்ட சொல்லாத," என்றாள் இம்கே, அவள் காதோரம் குனிந்து. "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

சொல்லமாட்டேன் என்றாள் கெசினே. அவர்கள் இருவருக்கும் மட்டும் என்று ஒரு வார்த்தைக்காக அவள் அந்த வீட்டில் இரண்டு வருஷம் காத்திருந்தாள். கடைசி வாயை விழுங்கிவிட்டு, எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.