காலி மனையில் எத்தனை அடி

மாரீஸ்வரியின் வீட்டு பிளானுக்குத் தடையாக வந்தது நான் எழுதிய மனுதான். இரண்டு வருடத்துக்கு முன் மார்கழி மழையில் ஓடை உடைந்து எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நிவாரணம் கேட்டு, முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, 'தெரு முழுவதும் இடுப்பளவுத் தண்ணீர் மூன்று நாள் நின்றது' என்று எழுதினேன். நின்றது முழங்காலளவு. முழங்கால் என்று எழுதினால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று தெருவே சொன்னது. எனக்கும் அது சரியாகப் பட்டது.

மாரீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். புருஷன் பாண்டிதுரை பட்டாளத்தில் இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக் கடைசியில், ஓடையை ஒட்டி ஆறு சென்ட் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். எட்டு வருடமாக வாடகை வீடு. சித்திரையில் அவர் லீவில் வரும்போது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட வேண்டும். ஆனால் ஓடையோர மனையென்றால், வெள்ளத்தால் ஆபத்தில்லை என்று நீர்வளத்துறை சான்று இருந்தால்தான் பிளான் பாஸாகும். அங்கே உதவிப் பொறியாளர் சத்யப்பிரியா பழைய ஃபைலிலிருந்து என் மனுவை எடுத்துக் காட்டி, தெருவே இடுப்பளவு என்கிறதே, எப்படிம்மா சான்று தர என்று கேட்டிருக்கிறார்.

மாரீஸ்வரி நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எழுதுனதை நீங்களே இல்லன்னு எழுதிக் குடுங்க."

எழுதினேன். மறுபடியும் வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை எல்லோரும் கணுக்காலுக்கு இறங்கியிருந்தார்கள். அவள் மனைக்கு அடுத்த வீட்டு வெள்ளத்தாய் அக்கா மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"ஏலே, அன்னைக்கு இடுப்புன்ன, இன்னைக்குக் கணுக்காலுங்கிற. அடுத்த மாசம் மழையே பெய்யலம்பியா?"

மாசி ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு சத்யப்பிரியா மேடுபள்ளம் அளக்கிற லெவல் மெஷினோடும் ஒரு உதவியாளரோடும் வந்தார். இரண்டு மனுவையும் படித்தார். திட்டவில்லை. தண்ணீர் நின்ற தடம் எந்த வீட்டில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வெள்ளத்தாய் அக்கா உள்ளே கூட்டிப்போய் இரும்பு பீரோவைக் காட்டினாள். துருப் பிடித்து நேர்கோடாக ஒரு தடம். தரையிலிருந்து ஒன்றரை அடி. அதே முழங்கால். மாரீஸ்வரி சிரித்துவிட்டாள், எனக்கும் மூச்சு வந்தது.

பிறகு மெஷினைத் தெருவில் நிறுத்தி, அளவுகோலை அக்கா வீட்டுத் தரையில் ஒரு தடவையும் மனையில் ஒரு தடவையும் வைத்துப் பார்த்தார்கள். அந்த மனை ஒரு காலத்தில் செங்கலுக்கு மண் எடுத்த இடம். புல் மூடிக் கிடந்ததால் பள்ளமென்று தெரியவில்லை. அக்கா வீட்டுத் தரையைவிட மூன்றேகால் அடி தாழ்வு. ஒன்றரையும் சேர்த்தால் நாலே முக்கால். அன்றைக்கு நாங்கள் அவரவர் வீட்டைத்தான் பார்த்தோம். காலி மனையில் எம்புட்டு நின்றது என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

மண் அடித்து மேடாக்கினால் என்ன என்று நான் கேட்டேன். அப்படிச் செய்தால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் ஏறும், அனுமதிக்க முடியாது என்றார் சத்யப்பிரியா. அக்கா மாரீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள்.

மாரீஸ்வரி மனைக்குள் இறங்கி, அளவுகோலைத் தன் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். உதவியாளர் நாலே முக்காலில் விரலை வைத்தார். அவள் மூக்கு மட்டத்துக்கு வந்தது. அவள் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மாரீஸ்வரி அந்த விரலைப் பார்த்தபடி கேட்டாள்.

"மேடம், தூண் எழுப்பி மேல கட்டுனா?"

பரிசீலிக்கலாம் என்றார். ஓடைப் பக்கம் இடம் விட வேண்டும், கீழே அறை கூடாது, காம்பவுண்டும் கூடாது, தண்ணீர் வந்த வழியே போக வேண்டும்.

மாரீஸ்வரி அங்கே நின்றபடியே பாண்டிதுரைக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். சுற்றிக் காம்பவுண்டும், பெயர் போட்ட இரும்பு கேட்டும் அவருடைய வெகுநாள் ஆசை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காம்பவுண்டு இல்லாம ஒரு வீடா? ஊர் ஆடு பூரா உள்ள வந்து படுத்துக்கிடும்லா" என்றார்.

"படுத்துட்டுப் போகுது. நாம மேலதான படுக்கப்போறோம்."

அவர் சரி என்று சொல்லவில்லை. வானம் தோண்ட லீவு கிடைத்த தேதியை மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.