நாற்பது லிட்டர் குறைவு

கணவர் போன பதினேழாம் நாள், அவளுக்கு ஒரு மண்குவியல் வாரிசு உரிமையாக வந்து சேர்ந்தது.

பழைய சாயத் தொழிற்சாலையை இடித்த இடத்தில் குடியிருப்பும் பூங்காவும் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு கண்டிப்பான விதி: ஒரு கூடை மண்கூட வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து உள்ளே வரவும் கூடாது. எண்ணெயும் சாயமும் ஊறிப்போன மண்ணைத் தோண்டிக் குவித்து, காற்றுப் படப் புரட்டிப் புரட்டி, அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்த பிறகு அங்கேயே பரப்ப வேண்டும். குவியல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் கையெழுத்துப் போடாமல் யாரும் தொடக் கூடாது. பதினொன்றாம் குவியலின் பொறுப்பாளர் அவள் கணவர்; ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது: ‘பொறுப்பாளர் இல்லாதபோது அவருடைய வாரிசு.’ என்ன நினைத்து அச்சடித்தார்களோ.

இன்ஜினியர் அவள் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். அது புருவம் வரை இறங்கியது.

“இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு. அவ்வளவுதான் மேடம். மழைக்கு முன்னாடி பரப்பியாகணும்.”

“எதுக்குப் போடுறேன்னு பாக்க வேணாமா?”

பொக்லைன் ஓட்டுபவனை எல்லோரும் நத்தை என்பார்கள். அவன் வந்து தார்ப்பாயை விலக்கினான். குவியலின் நிழல் பக்கத்தில் ஆள் உட்கார்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. அகலமான, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த பள்ளம். வீட்டு சோபாவிலும் அவர் அப்படித்தான் சாய்வார். பார்த்ததும் அதைத் தொட அவள் கை நீண்டது. பக்கத்திலேயே இன்னொரு பள்ளத்தைக் கண்டதும் கை சட்டென்று பின்வாங்கியது.

“அது யாரு?”

நத்தை தலையைச் சொறிந்தான். “நான்தான் அண்ணி. அண்ணன் இங்கதான் சாப்பிடுவார். பதினாலு மாசமா. புரட்டுறப்போ இந்த ஓரத்த மட்டும் விட்டுடுவேன்.”

“கேன்டீன்ல, ஃபேனுக்குக் கீழன்னு சொன்னாரே!”

“அங்க பேச்சு சத்தம் தாங்கலம்பார்.”

“உங்கூட மட்டும் பேசுவாராக்கும்?”

“நான் பேசுவேன். அவர் மெல்லுவார்.”

அவள் பேனாவை மூடினாள். “இந்தப் பள்ளம் எனக்கு வேணும். மிச்சத்தை எடுத்துக்குங்க.”

“பள்ளத்த எப்படி மேடம் தனியா எடுக்கிறது? சுத்தி மண்ணு இருந்தாத்தான் அது பள்ளம்.” இன்ஜினியருக்கு விழி பிதுங்கியது.

“ஒரே அள்ளுல தூக்கிடுறேன் சார்,” என்றான் நத்தை. “தூங்குற குழந்தையத் தூக்குற மாதிரி.”

கையெழுத்து ஆகாத குவியல். இன்ஜினியர் முதுகைத் திருப்பிக்கொண்டு, “நான் எதையும் பாக்கல,” என்று சுற்றுச்சுவரிடம் சொன்னார்.

நத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளினான். பத்தடி நகர்த்தி, பூப்போல இறக்கினான். இறங்கியது வெறும் மண். அதில் ஒரு புழு நெளிந்தது. நத்தை இன்ஜினை நிறுத்திவிட்டு, கேபினை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.

இனி என்ன இருக்கிறது என்று, படிவத்தோடு இருந்த பதிவேட்டை அவள் திறந்தாள். கணவரின் எறும்பு எழுத்து. மாதா மாதம் குவியலின் அளவு, வாடை, ஈரம். கடைசி மாத வரியின் ஓரத்தில்: ‘நான் உட்காருவதால் குறைவு: 40 லிட்டர்.’

இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். “ஐயோ, இது தப்பு மேடம். உக்காந்தா மண்ணு அமுங்கும், குறையாது. அந்த வரிய அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. வாரிசுக்கு அதிகாரம் இருக்கு.”

“அவர் எழுதினத நான் அடிக்க மாட்டேன்.”

“அடிக்கலன்னா பரப்பின இடத்துல நாற்பது லிட்டர் குறையணும். பூங்காவுல அந்த அளவுக்கு ஒரு பள்ளம் காட்டணும்!”

“காட்டுங்க.”

“தோண்டலாம் அண்ணி,” என்று மேலிருந்து நத்தை குரல் கொடுத்தான்.

“தோண்டின மண்ண எங்கடா போடுவே? வெளிய போகக் கூடாது!” இன்ஜினியர் கத்தினார். பிறகு தன் வாயிலிருந்தே வழி பிறந்துவிட்டதை உணர்ந்து, மெல்ல அவளைப் பார்த்தார். உட்கார்ந்து அமுக்கித்தான் ஆக வேண்டும்.

அவள் கையெழுத்துப் போட்டாள். வரியை அடிக்காமல்.

குவியல் பூங்கா மேடானது. மேட்டின் ஓரத்தில் அவள் இடம் பார்த்துக்கொண்டாள். தினமும் மதியம், ஹெல்மெட்டோடும் டிபன் பெட்டியோடும் வந்து அரை மணி நேரம் உட்காருவாள். பக்கத்தில் நத்தை பேசிக்கொண்டே இருப்பான். வெள்ளிக்கிழமைகளில் இன்ஜினியர் அளந்த மணலைப் பள்ளத்தில் கொட்டி நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொண்டு, திரும்ப ஒரு துகள் விடாமல் அள்ளுவார்.

நாலாவது வெள்ளிக்கிழமை அவர் முகம் வாடியது. “மூணு லிட்டர்.”

“போன வாரமும் மூணுதானே?”

“உங்க எடை பத்தல மேடம். பாதி சாப்பாட்ட அப்படியே மூடி எடுத்துட்டுப் போறீங்கன்னு ரிப்போர்ட் வந்திருக்கு.”

அவள் நத்தையைப் பார்த்தாள். நத்தை பொக்லைனைப் பார்த்தான்.

“வேலை தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு,” என்றார் இன்ஜினியர், பேனாவைத் திறந்தபடி. “அதுல என்னன்னு எழுதட்டும்?”

அவள் பெட்டியின் மூடியைத் திரும்பத் திறந்தாள்.

“எழுதாதீங்க. இருங்க,” என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட ஆரம்பித்தாள்.