மேஜை கை நீட்டாது

நீச்சல் டீச்சருக்குத் தன் வீடு ஒரு குளம். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் காலையில் கண் விழித்ததும் அப்படித்தான் தோன்றும். ஜன்னல் வெயில் தரையில் ததும்பும். கூடத்துக் கட்டில் இந்தக் கரை, சமையலறை வாசல் அந்தக் கரை. நடுவில் கால் சொன்னபடி கேட்காது, கைதான் கேட்கும். கட்டிலை விட்டால் நாற்காலி, நாற்காலியை விட்டால் மேஜை, அப்புறம் பீரோ. தொட்டுத் தொட்டு மிதந்து போய்த் தானே டீ போட்டுக் குடித்துவிடுவாள்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து மகன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தான். "எங்கூட வந்துடும்மா" என்று ஒரே பிடிவாதம். அவன் வீட்டில் எல்லாம் கைக்கே வந்துவிடும். அதுதான் அவளுக்குப் பயம். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வயதானவர்களின் வீட்டுக்கே வந்து, நடப்பது, குளிப்பது, சமைப்பது தனியாக முடிகிறதா என்று பார்த்து வழி சொல்லும் தெரபிஸ்ட் வருவாள். அவள் முன்னால் டீச்சர் தானாகப் போய் டீ போட்டால் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மகன் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் செய்யும் தப்புக்கு மருந்தே கிடையாது. தெரபிஸ்ட் வரும் அன்று காலை, அம்மா எதிலும் தடுக்கிவிடக் கூடாதே என்று, அவள் தூங்கும்போதே கூடத்துச் சாமான்களை எல்லாம் பக்கத்து அறைக்குத் தள்ளிவிட்டான். இடி விழுந்தாலும் எழாத தூக்கம் அவளுக்கு. விழித்தபோது கனவு இன்னும் முடியவில்லை என்றே நினைத்தாள். பிடிக்க ஒன்றுமில்லாமல், கரை தெரியாமல், வெளிச்சம் மட்டும் விரிந்து கிடந்தது.

"வாங்க டீச்சர், டீ போடலாம்" என்றாள் தெரபிஸ்ட்.

டீச்சர் எழுந்து நின்றாள். கை காற்றைத் துழாவியது. கால் ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தண்ணீரில் இறக்கியவள், காய்ந்த தரையில் இறங்கப் பயந்து நின்றாள்.

"இவ்வளவு இடம் விட்டும் முடியலையே" என்றான் மகன்.

தெரபிஸ்ட் தரையைப் பார்த்தாள். நாற்காலிக் கால்களின் பழைய தடம். "இங்க இருந்ததை ஏன் எடுத்தீங்க?"

"இடைஞ்சலா இருக்குமேன்னு..."

"அதைப் பிடிச்சுத்தானே நடந்திருக்காங்க! சரி, இப்போதைக்கு நான் நாற்காலி. நீங்க மேஜை. போய் நில்லுங்க."

மகன் மேஜை உயரத்துக்குக் குனிந்தான். டீச்சர் நாற்காலியின் தோளைப் பிடித்தாள், விட்டாள். உடனே நாற்காலி ஓடிப்போய் பீரோவாகவும் நின்றது. ஒரே ஆளுக்கு இரண்டு வேஷம். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. மேஜையோ பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டியது.

"கையை மடக்குடா. மேஜை கை நீட்டாது."

குளத்திலும் அவள் சட்டம் அதுதான். டீச்சர் பிள்ளையைப் பிடிக்கமாட்டாள், பிள்ளைதான் டீச்சரைப் பிடிக்கும். பயம் தெளிந்ததும் தானே விட்டுவிடும். ஒரே ஒரு பிள்ளை அழுதபோது மட்டும் மனசு கேட்காமல் வாரி அணைத்துக்கொண்டாள். அவன் இன்றுவரை நீச்சல் கற்கவில்லை.

அவன் கையை மடக்கிக்கொண்டான். அவள் அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்னடா, மேஜை ஆடுது?"

"ஆடலைம்மா" என்றான். ஆடிக்கொண்டுதான் இருந்தான்.

அவள் கையை எடுத்தாள். தண்ணீர் தாங்கியது. பீரோவைத் தொட்டு வாசலைக் கடந்தாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

"பெட்டியெல்லாம் கட்ட வேண்டாம். பீரோவுக்கு அந்தப் பக்கம் சுவத்துல ஒரு கைப்பிடி போடுங்க, குளியலறையில ஒண்ணு. போதும்" என்றாள் தெரபிஸ்ட்.

டீ கொதித்த பிறகு டீச்சர் எட்டிப் பார்த்தாள். மகன் குனிந்தபடியே நின்றிருந்தான். மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் தரையில் சொட்டியது.

"முதுகு பிடிச்சுக்கும்டா, நிமிரு. மேஜையைக் கொண்டு வந்து அதே இடத்துல போடு. அப்புறம் வந்து டீ குடி."