புள்ளி வைக்காத உயில்

சுடலைக்கண்ணு தன் உயிலில் கையெழுத்துப் போடவில்லை. போட வேண்டிய இடத்தில் ‘இப்படிக்கு, உண்மை விளம்பி’ என்று எழுதிவிட்டுச் செத்துப்போனார். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் மொட்டைக் கடுதாசி போட்ட கை. கடைசி நேரத்திலும் பழக்கம் விடவில்லை.

அவர் கடுதாசியால் மூன்று கல்யாணம் நின்றது. ஒரு ஏட்டையா மாற்றலாகிப் போனார். ஒரு உழவு மாட்டைப் பற்றி எழுதியதில் அந்த மாடே மனசு வெறுத்துப் படுத்துவிட்டது. எழுதுகிறவர் அவர்தான் என்பது வீட்டுக்குள் இருந்த வெயிலுகந்தம்மாளுக்கு மட்டும் தெரியும்.

அவள் அவருடைய தங்கை மகள். தாய் தகப்பன் இல்லாதவளை மாமன்தான் வளர்த்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர், ஆறு ஏக்கர் கரிசலை அவள் பேருக்கு எழுதியிருந்தார். உயில் செல்லாது என்று ஆகிவிட்டால் நிலம் அவருடைய அண்ணன் மகன் சாமித்துரைக்குப் போகும். அவள் கஞ்சிக்கு அதை விட்டால் வேறு வழியில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் வழக்கு கோவில்பட்டிக் கோர்ட்டுக்கு வந்தது. உயிலுக்குச் சாட்சி போட்ட இரண்டு பேரில் ஒருத்தர் காலமாகிவிட்டார். இன்னொருத்தருக்கு, சாமித்துரை வாங்கிக் கொடுத்த எட்டுக் கடம்பூர்ப் போளியைத் தின்றதும் ஞாபகம் போய்விட்டது.

கையெழுத்து நிபுணர் பூவனநாதன் மதராஸிலிருந்து வந்தார். கோவில்பட்டிச் சாமியின் பேரை வைத்துக்கொண்டு ஊரில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவர். பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் சுடலைக்கண்ணு போட்ட ஒற்றைக் கையெழுத்து போதாது, உண்மை விளம்பியின் கடுதாசிகளும் வேண்டும் என்றார்.

மறுநாள் கோர்ட் வாசலில் கூட்டம் நெரிந்தது. டிரங்குப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்தியதை ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு நிலம் கிடைக்கட்டும் என்று ஒருத்தரும் வரவில்லை. தன் துவரம் பருப்பில் கிடந்த கல்லைப் பற்றி வந்த பதினெட்டுக் கடுதாசியையும் குத்தி வைத்த கம்பியோடு எடுத்து வந்திருந்தார் பலசரக்குக் கடை பீர் முகம்மது.

“எழுதுனவன் பேரு மட்டும் ருசுவாகட்டும்,” என்றார். “அவன் குழிக்கே போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்.”

வக்கீல் தடுத்தும் கேளாமல் சாமித்துரையும் ஒன்றை நீட்டினான். அதைப் பார்த்ததும் வெயிலுகந்தம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். பத்து வருஷத்துக்கு முந்தி, அவளை அவனுக்குப் பேசி முடித்த வாரம் அவன் வீட்டுக்குப் போன கடுதாசி அது. ‘பெண் தூக்கத்தில் எழுந்து அரிவாள் தீட்டுவாள்.’ அதோடு கல்யாணம் நின்றது. உயிலில் அந்தப் பேரைப் பார்த்த நாளிலிருந்து, சித்தப்பாதான் எழுதிக் கெடுத்தார் என்று அவன் கறுவிக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு நிபுணர் கூண்டில் ஏறினார். சுடலைக்கண்ணு ஓலையில் எழுதிப் பழகியவர், ஓலை கிழியும் என்று ஒற்றெழுத்துக்குப் புள்ளி வைக்கிற வழக்கமே இல்லாதவர் என்றார். பத்திரம், உயில், நாற்பது கடுதாசி, எதிலும் ஒரு புள்ளி கிடையாது.

“சாமித்துரை கொடுத்த நாற்பத்தொன்றாவது மட்டும் வேறு கை,” என்றார். “இதில் பன்னிரண்டு புள்ளி இருக்கிறது.”

சாமித்துரையின் வக்கீல் துள்ளி எழுந்தார். உண்மை விளம்பி என்று கள்ளமாக எழுத ஊருக்குள் இன்னொரு கை இருக்கிறதென்றால், உயிலும் அந்தக் கையின் வேலைதான் என்றார். நீதிபதி தலையை ஆட்டினார். ஆறு ஏக்கரும் கண் முன்னால் நழுவிப் போவதை வெயிலுகந்தம்மாள் பார்த்தாள்.

“அது ஒண்ணு மட்டும் நாந்தாங்கய்யா எழுதுனேன்,” என்றாள். “இந்த ஆளுக்குக் கழுத்த நீட்டுததுக்கு அந்தக் கெட்ட பேரு தேவலைன்னு பட்டுது.”

வக்கீலுக்கு முகமெல்லாம் பல். நிபுணரோ அவளைத் திரும்பியும் பார்க்காமல், ஒரு தாளைக் கொடுத்து மடமடவென்று சொல்லி எழுதச் சொன்னார். எழுதினாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த கை. ஒரு புள்ளியும் தப்பவில்லை.

“இந்தப் பெண் கள்ளமாக எழுதினால் எப்படி எழுதும் என்பதற்கு இந்தக் கடுதாசியே அத்தாட்சி,” என்றார் நிபுணர். “மாமன் புள்ளி வைக்கமாட்டார் என்பதே இவளுக்குத் தெரியவில்லை. உயிலை இவள் எழுதியிருந்தால் அதிலும் புள்ளி இருந்திருக்கும்.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கடுதாசியை இன்னொரு தடவை படித்தார். இதில் எழுதியிருப்பது மெய்யா என்று கேட்டார்.

அவள் சாமித்துரையைப் பார்த்தாள்.

“தூக்கத்துலன்னு எழுதுனது மட்டும் பொய்யிங்கய்யா. முழிச்சிருக்கும்போதுதான் தீட்டுவேன்.”

நிலம் அவளுக்கு என்று தீர்ப்பானது. சாமித்துரை தன் காவல் குடிசையைப் பிரித்து, அவள் வரப்புக்கு எட்டாத மூலையில் கட்டிக்கொண்டான். மாமன் மேலிருந்த கோபத்தில் ஊர் அவளோடு பேச்சை விட்டது. உழவுக்கு ஏர் வரவில்லை. பீர் முகம்மது, உப்பு மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு உப்பு இல்லை என்றார்.

எட்டாம் நாள் அவர் கடைக்கு ஒரு கார்டு வந்தது. ‘உப்பு மூட்டைக்கு அடியில் இருக்கும் அளவு குறைந்த இன்னொரு படியைப் பற்றித் தாசில்தாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? இப்படிக்கு, உண்மை விளம்பி.’

பீர் முகம்மதுக்கு நிபுணர் தேவைப்படவில்லை. புள்ளிகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அன்று சாயங்காலமே உப்பு அவள் வீடு தேடிப் போனது.